அப்பாவின் புதுக்கணக்கில் அத்தை

அறுபதைத் தாண்டி மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, நாம் ஒன்பதாவது படிக்கும்போது கணங்கள் என்று ஒரு பாடம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நெளிநெளியாக ஓர் அடைப்பைப் போட்டு, உள்ளே அ, இ, உ, எ, ஒ என்று எழுதி, இதுதான் குறில்களின் கணம் என்று சொல்லிக் கொடுத்தார்களே, அது. உங்களில் பாதிப் பேர் பரீட்சை முடிந்த அன்றைக்கே அதைத் தலைமுழுகியிருப்பீர்கள். என்னால் முடியவில்லை. உங்களுக்கு அந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. எங்களுக்கு அது வீட்டுக்குள் வந்தது.

அப்பா சங்கராபுரத்தில் கணக்கு வாத்தியார். வட்டி, நஷ்டம், வேலையும் நாளும், ஓடும் ரயில் பாலத்தைக் கடக்கும் நேரம், இதிலெல்லாம் அவரை யாரும் அசைக்க முடியாது. அந்த வருடம் பாடப்புத்தகத்தை மாற்றினார்கள். கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் வாத்தியார்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். அப்பா தயிர்சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார். முதல் நாள் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கணக்குப் புஸ்தகத்துல நம்பரக் காணோம்" என்றார் அம்மாவிடம்.

"நம்பர் இல்லாம இன்னா கணக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். பூவு, பழம், பசு மாடு, எல்லாத்தயும் ஒரு அடைப்புல போடறானுங்க. வயசான காலத்துல என்ன ஒண்ணாங் கிளாஸ்ல உக்கார வெச்சிட்டானுங்க."

இரண்டு மூன்று நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவருக்கு. அப்புறம் எப்படி மனசு மாறினார் என்று தெரியவில்லை. ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே முகம் வேறாக இருந்தது. அன்று முதல் வீட்டில் எதையும் தனியாக விடமாட்டார். எல்லாவற்றையும் எதோடாவது சேர்த்து ஓர் அடைப்புக்குள் போட்டுவிடுவார்.

பின்கட்டில் கிணற்றடிப் பக்கம் பழைய கதவுப் பலகை ஒன்றைக் கறுப்படித்துச் சாய்த்து வைத்தார். நான், அக்கா, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை, நாங்கள்தான் அவருக்கு வகுப்பு. பள்ளி திறப்பதற்குள் வாய்க்குப் பழகிவிட வேண்டும் என்று எங்களிடம் பாடம் நடத்திப் பார்த்தார்.

"கணம்னா நன்கு வரையறுக்கப்பட்ட பொருள்களோட தொகுப்பு. எங்க, சொல்லு."

சொன்னோம்.

"நன்கு வரையறுக்கப்பட்டதுன்னா இன்னாப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் காத்துக்கொண்டிருந்த கேள்வி அதுதான். "ஒரு பொருளக் காட்டி, இது உள்ளயா, வெளியயான்னு கேக்கறேன்னு வெச்சுக்க. யாரக் கேட்டாலும் ஒரே பதில் வரணும். ஆளுக்கு ஒரு பதில் வந்தா அது வெறுங் கூட்டம். கணம் இல்ல. நம்ம வூட்டு மரங்க, அது கணம். முருங்கை, கொய்யா, எலுமிச்சை. எந்த வரிசையில வேணா எழுது, கணம் மாறாது. ருசியான கொழம்புங்க, அது கணம் இல்ல. உனக்கு ருசி, எனக்குக் காரம்."

"அப்ப நான் வெக்கிற கொழம்பு ஒரு கணக்குலயும் சேராது" என்றாள் அம்மா.

"நீ சேருவ. ஆனா கணத்துல உன்ன ஒரு தடவதான் எழுத முடியும். அம்மான்னு ஒரு தடவ, பொண்டாட்டின்னு ஒரு தடவ எழுதினாலும் ஆள் ஒண்ணுதான்" என்று அப்பா சொல்ல, அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கணத்துக்குப் பெரிய எழுத்தில் பெயர். அதற்குள் இருப்பது உறுப்பு. ஒன்று உறுப்பு என்று காட்ட, சூலத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு குறி. உறுப்பு இல்லை என்றால் அதே சூலத்தின் மேல் ஒரு கோடு. உள்ளே ஒருவருமே இல்லாவிட்டால் அது வெற்றுக்கணம். நம் தெருவில் யானை வளர்ப்பவர்கள் என்று அதற்கு உதாரணம் சொன்னார். ஆள் இல்லாவிட்டாலும் அதுவும் கணம்தான், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் இல்லை என்ற ஒரே பதில்தான் வரும். இரண்டு கணத்தைக் கலந்தால் சேர்ப்பு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்தால் வெட்டு.

இதையெல்லாம் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். அப்பாவின் காம்பஸ் ஆணி தேய்ந்து வழுக்கியது. அதனால் அத்தையின் கண்ணாடி வளையல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பலகையில் வைத்துச் சுற்றிச் சாக்பீசால் வரைந்தார். அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கழற்றிக் கொடுப்பாள். பாடம் முடிந்ததும் சுண்ணப்பொடியை ஊதிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வாள். பச்சை வளையல்கள். உள்ளே பொன்புள்ளிகள் இருக்கும். இப்போது அந்த மாதிரி வருவதில்லை, அல்லது நான் கடைக்குள் போய்ப் பார்ப்பதில்லை.

அத்தை யார் என்று சொல்லவேண்டும். என் அம்மாவின் அண்ணன் மனைவி. அந்த மாமா கல்வராயன் மலையில் கடுக்காயும் புளியும் குத்தகைக்கு எடுத்து இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நினைவு தெரியுமுன், ஓர் ஆனி மாதம் மலைக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த வாரம் மலையில் நல்ல மழை. ஓடைக்கரையில் அவர் செருப்பும் டார்ச் லைட்டும் கிடந்தன என்று எடுத்து வந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. வெள்ளம் அடித்துப்போனது என்றார்கள் சிலர். கரடி என்றார்கள் சிலர். அத்தைக்குக் குழந்தை இல்லை, பிறந்த வீட்டிலும் ஆள் இல்லை. அம்மா தன் அண்ணியைக் கையோடு கூட்டிவந்து எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாள். அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மச்சான் மனைவி தங்கச்சி முறை என்பதால் வாய் நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அத்தை தாலி போட்டிருந்தாள். பொட்டு வைத்தாள், ஆனால் மிளகளவுதான். பூ வைத்தாள், ஆனால் கொண்டையில் வெளியே தெரியாதபடி. கல்யாண வீட்டுக்கு வருவாள். தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக் கொண்டுவரும் நேரத்தில் அவளுக்குச் சமையல்கட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். துக்க வீட்டுக்கும் வருவாள், ஆனால் விதவைகள் உட்காரும் பக்கம் உட்காரமாட்டாள். தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டு நடமாடுவாள். இப்படி எந்தப் பக்கமும் சாயாமல் வருடக்கணக்கில் பழகிவிட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை பதிலும் தேவைப்படவில்லை.

கேட்டது பெரியம்மா. அப்பாவின் அண்ணி. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள், எல்லாவற்றையும் நாக்கில் வைத்திருப்பாள் என்று அம்மா சொல்வாள்.

வைகாசியில் அக்கா பெரியவளானாள். மஞ்சத்தண்ணி ஊற்றும் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும், சீர் கொண்டுவர வேண்டும். மாமா இல்லாததால் மாமா முறையில் ஒருவர் வந்து ஓலை வெட்டினார். சீர்த்தட்டை மட்டும் அத்தை எடுத்து வந்தாள். புடவை, வளையல், சந்தனம், ஒரு சீப்பு வாழைப்பழம். எல்லாம் அவள் கோழி வளர்த்து, முட்டை விற்று வாங்கியது. அக்காவை மணைப்பலகையில் உட்கார வைத்தார்கள். கட்டுக்கழுத்தாக, புருஷன் உயிரோடு இருக்கும் பெண்கள் வரிசையாக வந்து சொம்பில் மஞ்சள்தண்ணி ஊற்றினார்கள். அம்மா, "அண்ணி, நீங்களும் ஊத்துங்க" என்று சொம்பை நீட்டினாள். அத்தை ஒதுங்கத்தான் பார்த்தாள். அம்மாதான் இழுத்தாள்.

"நில்லும்மா" என்றாள் பெரியம்மா. "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கினு சொல்லல. முதமுதல்ல பொண்ணு தலையில வுழற தண்ணி. நீ எந்தப் பக்கம்னு தெரியாம ஊத்தக் கூடாது பாரு."

"எங்க அண்ணன் செத்துட்டாருன்னு நீ பாத்தியா?" என்று அம்மா கத்தினாள்.

"இருக்காருன்னு நீ பாத்தியா?"

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். தண்ணீர் சிந்தாமல் வைத்தாள். பிறகு உள்ளே போய் வடைக்கு அரைத்துவைத்த மாவில் உப்புப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார் அப்பா. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அது இல்லை. கணக்கு ஒன்று விடையில் முட்டிக்கொண்டால் பேனாவைக் கடித்தபடி ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை.

இப்போது யோசித்தால் அப்பா மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தங்கச்சி என்று கூப்பிட்ட ஒருத்தியை நாலு பேர் நடுவில் நிறுத்திவைத்துக் கேட்டது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. வேறு யாராவது என்றால் பெரியம்மாவைத் திட்டியிருப்பார்கள், அல்லது அத்தையிடம், விடும்மா என்று சொல்லியிருப்பார்கள். அப்பாவுக்கு அந்த மாதம் கையில் புதுச் சாமான் ஒன்று கிடைத்திருந்தது.

அன்று சாயங்காலம் பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னார்.

"உங்க அண்ணி நெலம வரையறுக்கப்படாத நெலம. அதான் ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. உள்ளன்னா உள்ள, வெளியன்னா வெளிய. அது தெரிஞ்சுட்டா எவளும் வாயத் தொறக்க முடியாது."

"இப்ப இன்னா பண்ணணும்னு சொல்ற?"

"வர்ற ஆனியோட பன்னெண்டு வருசம். காணாமப் போனவங்களுக்குப் பன்னெண்டு வருசம் முடிஞ்சா காரியம் பண்ணிடறதுதான வழக்கம். பண்ணிடலாம்."

அம்மா அழுதாள். என் அண்ணனை உன் கையால் கொல்லாதே என்றாள். அப்பா பொறுமையாக அவளுக்கு விளக்கினார். கொல்வது இல்லை, முடிவு செய்வது என்றார். இத்தனை வருடமாக அந்தப் பெண் பாதி உயிரோடு நிற்கிறாள், அவளுக்கு நாம் செய்யும் உபகாரம் இது என்றார். மாமாவின் பங்காளிகளும் வந்து பேசினார்கள். அவர்களுக்கும் ஒரு தீர்வு வேண்டியிருந்தது. செத்தவருக்குத் திவசம் கொடுக்காமல் விட்டால் வம்சத்துக்கு ஆகாது என்று யாரோ அவர்களைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

கடைசியில் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார் அப்பா. நான் அங்கேதான் இருந்தேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா தங்கச்சி, நீ இன்னா சொல்ற? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. அவரு இருக்காருன்னு உனக்குத் தோணுதா? தோணுதுன்னா வேணாம், வுட்டுடலாம்."

அத்தை கதவின் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எரிச்சலாக இருந்தது.

"நீங்க படிச்சவங்கண்ணா. பாத்து செய்யுங்க" என்றாள்.

சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் சௌகரியமான பதில் அது.

ஆனியில் காரியம் நடந்தது. ஏரிக்கரையில் வைக்கோலை ஆள் உயரத்துக்குக் கட்டி, மாமாவின் பழைய வேட்டியையும் கட்டம்போட்ட சட்டையையும் போட்டுவிட்டார்கள். பெட்டியில் வெகுநாள் இருந்த துணி, பாச்சை உருண்டை வாசனை அடித்தது. முகத்துக்கு ஒரு மண்சட்டி. மாமாவின் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். வைக்கோல் அல்லவா, பொசுக்கென்று பற்றி முடிந்துவிட்டது. கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் எரியும் என்று எதிர்பார்த்து நின்றது. பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள்.

கருமாதி அன்று விடியற்காலையில் அத்தையை அதே ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். விதவைகள்தான் கூடப் போனார்கள், சிறுபிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. திரும்பி வரும்போது முக்காட்டுக்குள் இருந்தாள். பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் இல்லாததால் அண்ணன் முறைக்கு அப்பாவே புடவை எடுத்துப் போட்டார். அம்மா விழுந்து விழுந்து அழுதாள், பெரியம்மாவும்தான். பெரியம்மாவின் அழுகை பொய் இல்லை. அத்தை அழவில்லை. முகத்தில் எதுவுமே இல்லை. மஞ்சள் போன நெற்றி வெளுத்து, அகலமாகத் தெரிந்தது. எனக்கும் அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று முயற்சி செய்தேன். உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. ஊசி போடுவதற்குமுன் டாக்டர் பஞ்சில் எதையோ தடவுவாரே, அந்தக் குளிர்ச்சி மட்டும் இருந்தது.

மாமாவின் கல்யாணப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதற்குமுன் அந்த முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து ஒன்றாக இருக்கும். மேல் உதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு. தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு நிம்மதி. இனிமேல் யாரும் அவளை ஒரு சொல் கேட்க முடியாது என்றார். உண்மைதான், கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் அவள் எங்கே உட்கார வேண்டும், எந்த வாசலில் எதிரே வரக்கூடாது, எந்தப் பந்தியில் சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் அவளே தேடிக்கொள்ளும் சமையல்கட்டு வேலை இருந்ததே, அது இப்போது இல்லை. அவளைக் கூப்பிடுவதே இல்லை. அப்பா பலகையில் வட்டம் போட எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அது ஏன் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா, தெரியாது.

பள்ளிக்கூடத்தில் அவர் அந்தப் பாடத்தை அற்புதமாக நடத்தினார். மற்ற வாத்தியார்கள் எல்லாம் அவரிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். நான் அவர் வகுப்பில்தான் இருந்தேன். ஒருநாள் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு வட்டம் போட்டார். வெட்டாக் கணங்கள். பொது உறுப்பே இல்லாதவை. ஒற்றை எண்களும் இரட்டை எண்களும் என்று ஒருத்தி சொன்னாள். சரி என்றார். பகல், ராத்திரி என்றான் ஒருவன். விடியற்காலையை எதில் வைப்பாய், அது கணமே இல்லை, உட்கார் என்றார். பிறகு அவரே சொன்னார், உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள் என்று. இரண்டிலும் ஒரே ஆள் இருக்க முடியாது, அதனால் இவற்றின் வெட்டு வெற்றுக்கணம் என்று டம்ளர் வட்டங்களுக்கு நடுவே குச்சியால் தட்டினார். வகுப்பே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

மார்கழி முடிகிற சமயம். வீட்டு பம்ப் ஸ்டவ் பர்னர் போய்விட்டது. அந்த மாடலுக்குக் கள்ளக்குறிச்சியில்தான் கிடைக்கும். அம்மாவுக்கு முதுகுப்பிடிப்பு. அத்தையையும் துணைக்கு என்னையும் அனுப்பினாள். பர்னரை வாங்கிப் பழைய துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பகல் வெயில். மலையிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்று ஆட்கள் இறங்கினார்கள். மேலே கூரையிலிருந்து மூட்டைகளைத் தூக்கிப் போட்டார்கள். ஒருவர் தன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

நரைத்திருந்தது. ஆள் இளைத்திருந்தார். ஆனால் புருவங்கள் சேர்ந்திருந்தன. உதட்டில் தழும்பு இருந்தது. தினமும் நான் சுவரில் பார்க்கிற முகம். மாலை மட்டும் இல்லை.

எங்களைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும். அத்தை நகரவில்லை. அவர் அவளைப் பார்த்தார். மூட்டையை இறக்கினார். ஓடிவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை. அவர் கண் அத்தையின் முகத்தில் நிற்காமல் நெற்றிக்குப் போனது. அப்புறம் கழுத்துக்கு. அப்புறம் கைக்கு.

"இன்னாடி கோலம் இது?" என்றார். "யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க" என்றாள் அத்தை. "ஆனியில காரியம் முடிஞ்சுது. தங்கச்சி வூட்டுக்காரரு முன்ன நின்னு செஞ்சாரு. உங்க பெரியப்பா மவன் கொள்ளி வெச்சாரு. கொறை ஒண்ணும் வெக்கல."

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"தங்கச்சி அழுதுதா?"

"ரொம்ப அழுதுது."

அவர் தலையாட்டினார். என்னைப் பார்த்தார். நான் யார் என்று அத்தை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் பஸ் வந்துவிட்டது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அத்தை டிக்கெட் வாங்கினாள். சில்லறையைச் சரிபார்த்து முடிச்சில் போட்டாள். பஸ் நீலமங்கலம் தாண்டியது. நான்தான் கேட்டேன்.

"அத்த, அவரு இருக்கறது உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

"எப்பிடி?"

"போய்ப் பாத்தேன். நீ அப்ப சின்னக் கொழந்த. மலக்கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லிட்டுப் போனேன். ஒரு வூட்டு வாசல்ல கொழந்தய மடியில வெச்சுக்கினு பலாப்பழம் உரிச்சுக்கினு இருந்தாரு. சுளைய எடுத்து அதும் வாயில ஊட்டிக்கினு இருந்தாரு. என்னப் பாக்கல. நான் திரும்பி வந்துட்டேன்."

"அப்ப அப்பா கேட்டப்ப ஏன் சொல்லல? இருக்காருன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பாருல்ல?"

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மரவள்ளிக் காடு போய்க்கொண்டிருந்தது. அவள் குரலில் கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. கடையில் பர்னர் விலை கேட்ட அதே குரல்.

"இருக்காருன்னா எங்கன்னு கேப்பாங்க. வேற ஒருத்தியோடன்னு சொல்லணும். காணாமப் போனவரு பொண்டாட்டின்னா ஊரே சோறு போடும். புருசன் வாணாம்னு வுட்டுட்டுப் போனவளுக்கு எவ போடுவா? அவகிட்ட இன்னா கொறையோன்னு கேப்பாளுங்க. செத்தாருன்னா தாலி போவுது. இருக்காருன்னா மானம் போவுது. உங்க அப்பா ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாரு. ரெண்டும் இல்லாத எடத்துல நான் நல்லாத்தான் இருந்தேன், பாப்பா. அந்த எடத்த அவரு எடுத்துட்டாரு."

கொஞ்ச தூரம் போனதும், "அவரு நல்லதுக்குத்தான் செஞ்சாரு" என்றாள்.

என் வயதுக்காரர்களே, இந்த இடத்தில் நான் அழுதேன் என்று எழுத ஆசை. அழவில்லை. பசித்தது. பையிலிருந்த பர்னர் தொடையில் குத்திக்கொண்டிருந்ததுதான் ஞாபகம். அப்பா தன் கடைசிநாள்வரை அந்தக் காரியத்தைத் தன் வாழ்க்கையில் செய்த உருப்படியான உபகாரமாகவே நினைத்திருந்தார். அம்மா வருடாவருடம் ஆனியில் அண்ணனுக்குப் படையல் போட்டாள். அந்தப் படையலைச் சமைத்தது அத்தை. இப்போது மூன்று பேரும் இல்லை. மலையில் இருந்தவர் எப்போது இறந்தார், அல்லது இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. தேடிப் போகவும் தோன்றவில்லை.

அன்று நாங்கள் வீடு சேரும்போது சாயங்காலம். அப்பா கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பர்னரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லதாத்தான் குடுத்துக்கீறான். இன்னா அண்ணி, டவுன்ல நம்ம ஆளுங்க யாரனா கண்ணுல பட்டாங்களா?"

அத்தை காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நம்ம ஆளுங்க யாரும் இல்ல" என்றாள்.